உடைந்த பூட்டுகளைப் படம் பிடித்தவள்

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால் காப்பி வரும், பலகாரம் வரும். களவு போன வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால் முதலில் நாய்தான் வரும். கனமான பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடி, கூப்பிட்டவர்களிடமே திட்டும் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில், சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுக்காரர் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் படம் எடுப்பார், நான் இருட்டறையில் கழுவுவேன். சண்டை வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பெண்பிள்ளைகளைப் படம் எடுக்க ஒரு பெண் இருப்பது நல்லது என்று ஊரில் பலரும் நினைத்ததால் நான் கடையை மூடவில்லை. ஜப்பான்காரன் வந்ததும் ஊரில் இருந்த கேமராக்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். என்னுடையது முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற பழைய மரப்பெட்டி. தேடி வந்த சிப்பாய் அதைக் கேமரா என்றே நம்பாமல் விட்டுவிட்டுப் போனான்.

பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு ஜப்பான்காரத் தலைவர் வந்தார். தன் நாட்டிலும் போலீசில் இருந்தவராம். குற்றம் நடந்த இடத்தைப் படம் எடுக்காமல் விசாரணை என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. முன்பு ஸ்டேஷனுக்குப் படம் எடுத்துக்கொடுத்தவர், குண்டு விழுந்ததும் சிங்கப்பூர் பக்கம் ஓடியவர், திரும்பவே இல்லை. ஆகவே அந்த ஸ்டேஷன் கோப்ரல் யூசுப் ஒரு நாள் என் கடை வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷன், என்னைவிட இளையவர், நாகூர்ப் பக்கத்து வம்சம். தலைவர் கூப்பிடுகிறார் என்று அவர் சொன்ன விதத்திலேயே, மாட்டேன் என்று சொல்ல இடம் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

தலை வாரிக்கொண்ட தவுக்கே

முதல் வேலை பீடோங்கில். பசார் பக்கத்தில் ஒரு சீனர் கடையின் பின்கதவை உடைத்து அரிசி மூட்டைகளைக் கொண்டுபோயிருந்தார்கள். அடுப்புக்கரியில் ஓடும் பஸ்ஸில், ஏற்றம் வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை முதலாளியான தவுக்கே கடையைக் கூட்டிப் பெருக்கி, உடைந்த பலகைகளை ஓரமாக அடுக்கி, தரையைக் கழுவியும் வைத்திருந்தார். படம் எடுக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டாராம். திருடன் கால் வைத்த இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. அன்றைக்குத்தான் யூசுப்பிடம் சொன்னேன், இனிமேல் நான் எடுத்து முடிக்கிறவரை ஒரு துரும்பைக்கூட யாரும் தொடக்கூடாது என்று. அவர் போய்ச் சொல்ல, தலைவர் அதை உத்தரவாகவே போட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது கதவு நிலையில் கடப்பாறை அழுந்திய பள்ளம் ஒன்றுதான். அதையாவது எடுப்போம் என்று துணிக்குள் தலையை விட்டேன். பள்ளத்தைக் காணோம். வெள்ளைச் சட்டையும் வழித்து வாரிய தலையுமாகத் தவுக்கேதான் நிலையை மறைத்துக்கொண்டு நின்றார். நகரச் சொன்னால் நகர்ந்தார், நான் குனிந்ததும் திரும்ப வந்து நின்றார். கடைசியில் அவரைத் தனியாக எடுப்பது போலப் பாவனை பண்ணிவிட்டுப் பள்ளத்தை எடுத்தேன். கழுவிப் பார்த்தால், பள்ளத்தின் ஓரத்தில் பல் உடைந்தது மாதிரி ஒரு பிசிறு. அதே இடத்தில் முனை உடைந்த கடப்பாறை பின்தெருவில் ஒரு மாட்டுவண்டிக்காரன் வீட்டில் அகப்பட்டது, அரிசியில் முக்கால்வாசியும் அகப்பட்டது. மூட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன யூசுப்பிடம் தவுக்கே கேட்டது ஒன்றே ஒன்று.

"அரிசி வந்துச்சு, நல்லதுலா. நம்ம படம் எப்ப வரும்லா?"

எந்தப் பக்கம் குனிவது

ஜப்பான்கார அதிகாரி வண்டியில் போனால் சடக்கில், அதாவது ரோட்டில், நிற்கிற அத்தனை பேரும் குனிய வேண்டும். குனியாதவர் கன்னம் பழுத்துவிடும். மெர்போக் போகிற சடக்கில் ஒரு பாலத்தின் கைப்பிடி இரும்பை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் துணிக்குள் இருப்பவளுக்கு வெளியே நடப்பது எப்படித் தெரியும்? ஒரு லாரி வந்து நின்றிருக்கிறது, ஜனங்கள் குனிந்திருக்கிறார்கள். நானும் குனிந்துதான் இருந்தேன், ஆனால் ஆற்றைப் பார்த்து. லாரிக்கு என் பின்பக்கம்தான் தெரிந்தது. துணி வெடுக்கென்று பறிபோனபோது ஓங்கிய கையோடு ஒரு அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

யூசுப் நடுவில் வந்து நின்றுவிட்டார். இவள் போலீஸ் தலைவர் வைத்த ஆள், குனிந்துதான் இருந்தாள், திசைதான் மாறிப்போய்விட்டது என்று மலாயில் சொன்னார். கை இறங்கவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே பாருங்கள் என்று சைகை காட்டினேன். என்ன நினைத்தாரோ, தலையை உள்ளே விட்டார். உள்ளே பாலம் தலைகீழாகத் தொங்கும், ஆறு மேலே ஓடும். அவர் வெகுநேரம் வெளியே வரவே இல்லை. தங்கள் அதிகாரி குனிந்து நிற்பதைப் பார்த்த சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் குனிந்தே விட்டார்கள். தலையை வெளியே எடுத்தவர் முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. பேசாமல் லாரியில் ஏறிப் போய்விட்டார். புழுதி அடங்கியதும் யூசுப் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இன்னிக்கு ஜப்பான்காரனே உங்க பொட்டிக்குக் குனிஞ்சிட்டான்."

வெளிச்சப் பொடி

பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் காய்ச்சல் பரவியிருந்த நேரம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் எப்படியோ மன்றாடி அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். அது களவு போனது. வெளியே அதற்கு இருந்த கிராக்கி அப்படி. லயத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த டிரஸர், ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதார். ரப்பருக்கு விலை இல்லாததால் சும்மா கிடந்த புகைக் கொட்டகைக்குள் பெட்டியின் மூடி மட்டும் கிடப்பதாக யாரோ சொன்னார்கள். அதைப் படம் எடுக்க என்னை அழைத்துப் போனார்கள்.

பட்டப்பகல்தான், ஆனால் உள்ளே கும்மிருட்டு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவதற்காக ஜன்னலே இல்லாமல் கட்டியது. கொஞ்சமாக மிச்சம் வைத்திருந்த வெளிச்சப் பொடியைத் தட்டில் கொட்டி, மூடியைப் பார்த்துக் கேமராவை நிறுத்திக் கொளுத்தினேன். அந்தப் பொடி எரிகிறதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பளீரென்று மின்னல், கூடவே ஒரு 'பொம்', பிறகு வெள்ளைப் புகை. அடுத்த நிமிஷம் விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு இருமியபடி வெளியே வந்தார்கள். நாங்கள் வந்ததும் ஓட வழியில்லாமல் அங்கேயே பதுங்கியிருக்கிறார்கள். கொய்னா ஒரு மாத்திரை குறையாமல் கிடைத்தது. அன்று மாலையே டிரஸர் லயத்துக்கு லயம் போய் அதைக் கொடுத்தார். அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களைப் பின்னாளில் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். கையைத் தூக்கி நின்ற இருவரில் மூத்தவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னது இது.

"இன்னொரு குண்டு போட்டுடாதீங்கம்மா, மருந்து முழுசா இருக்கு."

எலும்பு தெரியும் பிலிம்

கண்ணாடித் தட்டுகள் தீர்ந்துபோயின. புதிதாக எங்கிருந்து வரும்? கொய்னா திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த டிரஸர், பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்தவரிடம் பேசி, எக்ஸ்ரே எடுக்கும் பிலிம் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார். இருட்டறையில் அதை அளவாக வெட்டிக்கொண்டேன். படம் கொஞ்சம் முரடாக வந்தாலும் குறையில்லை. இதை யூசுப் ஸ்டேஷனில் சொல்ல, செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. போன செய்தி வேறு மாதிரிப் போய்விட்டது.

கொஞ்ச நாளில், ஒரு லயத்தில் காய்ச்சலில் படுத்திருந்த பெண்ணின் தாலிக்கொடி காணாமல் போயிற்று. உடைந்த டிரங்குப் பெட்டியை எடுக்கப் போனேன். வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பி வைத்து, கூட்டத்தையும் ஒரு படம் எடுத்து வைக்கலாமே என்று யூசுப்பிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். எக்ஸ்ரே பிலிமா என்று யாரோ கேட்டார்கள், ஆமாம் என்றேன். கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வியர்த்து வழிய முன்னால் வந்து, வேட்டி மடிப்பில் கையை விட்டான்.

"படமெல்லாம் எதுக்கும்மா, இடுப்புலதான் இருக்கு, நானே எடுத்துத் தர்றேன்."

கோழிக்கூட்டில் ரேடியோ

இது சிரிப்பாக ஆரம்பிக்காத கதை. செல்லம்மா என்று ஒரு பெண், மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமியாரும் அவளும் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தின் மேல் பக்கத்து வீட்டு வேலுவுக்குக் கண். அவன் ஸ்டேஷனுக்குப் போய், செல்லம்மா வீட்டில் ரேடியோ இருக்கிறது, வெள்ளைக்காரன் செய்தி கேட்கிறாள், மாதக்கணக்காக நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ரேடியோ வைத்திருந்தால் உயிர் போகும். தலைவரே லாரியில் வந்தார். வேலு நேராகக் கோழிக்கூட்டுக்கு அழைத்துப் போய்க் கையைக் காட்டினான். உள்ளே, கோழிகள் அடையும் கொம்புக்கு நேர் கீழே, ஒரு ரேடியோ.

ஒரு சிப்பாய் அதை எடுக்கக் கையை நீட்டினான். படம் எடுக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது உங்கள் உத்தரவு என்று யூசுப் மூலமாகத் தலைவருக்கு நினைவுபடுத்தினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். செல்லம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேடியோ இருந்தபடியே ஒரு படம் எடுத்தேன். பிறகு ரேடியோவைத் தூக்கச் சொல்லி, அது இருந்த இடத்தை இன்னொரு படம் எடுத்தேன். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வழியெல்லாம் ஓடாத குறையாகப் போய், கழுவி, வெயிலில் வைத்து இரண்டு படத்தையும் காகிதத்தில் போட்டு எடுத்து, ஈரம் காய்வதற்குள் தலைவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கூட்டில் கொம்பு, தரை, தண்ணீர்ச் சட்டி எல்லாம் எச்சத்தால் வெள்ளை பூசின மாதிரி இருந்தது. ரேடியோ மேல் ஒரு பொட்டு இல்லை. அதைத் தூக்கிய இடத்தில் சுற்றிலும் இருந்த அதே எச்சம் அதே கனத்தில் கிடந்தது. நேற்றைக்குக் கொண்டுவந்து வைத்த ரேடியோ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

தலைவர் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேலுவைக் கூப்பிட்டு, எத்தனை மாதமாக அங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆறேழு மாதம் என்றான். அத்தனை மாதமும் கோழிகள் லீவில் போயிருந்தனவா என்று தலைவர் மலாயில் கேட்டார். வேலு தலைவர் காலில் விழுந்தான். அவன் லாக்கப்புக்குள் போக, செல்லம்மா வெளியே வந்தாள். ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டக் கழுவமாட்டேங்கறா, சோம்பேறின்னு என் மாமியா நாள் பூரா திட்டுவாங்கக்கா. கழுவியிருந்தா நான் செத்திருப்பேன்."

டயர் செருப்பு

அந்தக் காலத்தில் கடையில் செருப்பு கிடையாது. வசதி உள்ளவர்கள் பழைய லாரி டயரை வெட்டி வார் அடித்துப் போட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். மெர்போக்குக்கு இன்னும் உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில், அரிசி ஸ்டோரைக் காவல் காக்கும் ஜாகாவைப் பின்னாலிருந்து மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு மூட்டைகளை எடுத்துப் போயிருந்தார்கள். காவல்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அடித்தவனை அவர் பார்க்கவில்லை. முதல் நாள்தான் கோவிந்தன் என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், ரேஷன் அரிசி குறைகிறதென்று அவரோடு சத்தம் போட்டிருந்தான். அவன்தான் செய்தான் என்று தண்டல் அடித்துச் சொன்னார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன தோட்டத்தில், வேலைக்காரர்களை மேய்க்கிற தண்டல்தான் துரை. நாங்கள் போனபோது கோவிந்தனை ஒரு ரப்பர் மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அரிசி திருடியவனுடைய தலையை வெட்டிச் சந்தையில் கம்பத்தில் ஏற்றி வைக்கிற காலம் அது.

ஸ்டோருக்குப் பின்னால் ஈர மண்ணில் கால்தடங்கள் நன்றாகப் பதிந்திருந்தன. டயர் செருப்புத் தடங்கள். கோவிந்தன் பாதத்தைப் பார்த்தேன், வெடிப்பு விழுந்த வெறுங்கால். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அளவு தெரிவதற்காகத் தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, கேமராவை நேர் கீழே பார்க்கும்படி கட்டி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முதல் தூறல் விழுந்தபோது யூசுப் தன் சட்டையைக் கழற்றித் தடத்தின் மேல் கூரை மாதிரி பிடித்தார். ஒன்று எடுத்து முடித்தேன். அடுத்ததற்குள் மழை கொட்டி எல்லாத் தடத்தையும் கொண்டுபோய்விட்டது. தாழ்வாரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தண்டல் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"செருப்புத் தடத்தப் படம் எடுத்து என்னம்மா செய்யப் போற, பூப்போட்டுக் கும்பிடவா?"

ஜன்னல் வெளிச்சம்

கழுவிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டயரின் சாய்ந்த வரிகள், குதிகாலில் வேறொரு டயரிலிருந்து வெட்டி வைத்த ஒட்டு எல்லாம் தெரிந்தன, அதை அடித்த ஆணிகளில் ஒன்று வளைந்து மண்ணில் கொக்கி போலப் பதிந்திருந்தது. மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில், டயர் செருப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும் என்று யூசுப் சொன்னார். தண்டல் அன்றைக்கு வெறுங்காலோடு வந்திருந்தார். சேற்றில் கால் வைத்தே பார்க்காத மனுஷன் கல் குத்திக் குத்தி நொண்டியதை லயமே பார்த்தது. அவர் அடுப்படிக் கூரையின் அத்தாப்பு ஓலைக்குள் செருகியிருந்த செருப்பை எடுத்தார்கள், பலகைத் தரைக்கு அடியில் அரிசியும் இருந்தது. கோவிந்தனைக் கட்டவிழ்த்தார்கள், ஆனால் வழக்கு முடிகிறவரை லாக்கப்பில்தான் வைத்தார்கள்.

வழக்கு அலோர் ஸ்டாருக்குப் போயிற்று. அங்கே மெர்கோங்கில் என் நாத்தனார் வீட்டில் தங்கி, அவளுடைய நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். தண்டல் தானே பேசினார், நன்றாகவும் பேசினார். அரிசி கோவிந்தன் ஒளித்து வைத்தது, ஒரு லாரி டயரில் எத்தனையோ ஜோடி வெட்டலாம், எல்லாத் தடமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார். மலாய்க்கார மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் அதற்குத் தயாராகவே வந்திருந்தேன். அந்தச் செருப்பை அதே மண்ணில் அழுத்தி, அதே தீப்பெட்டியை வைத்து, கயிற்று முடிச்சின்படி அதே உயரத்திலிருந்து இரண்டாவது படம் எடுத்திருந்தேன். இரண்டு பிலிமையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் மங்கலாக இரண்டு செருப்பு. மெல்ல நகர்த்த, தீப்பெட்டி மேல் தீப்பெட்டி உட்கார்ந்தது, வரி மேல் வரி, ஒட்டு மேல் ஒட்டு. வளைந்த ஆணியின் கொக்கி ஒன்றுக்குள் ஒன்று மறைந்து ஒரே செருப்பாயிற்று. மாஜிஸ்திரேட் நாற்காலியை விட்டு இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு தண்டலையும் வந்து பார்க்கச் சொன்னார். தண்டல் வரவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்டல் ஜெயிலுக்குப் போனார். தோட்டத்துக்குத் திரும்பிய கோவிந்தனை லயத்து ஜனங்கள் சடக்கு முனையிலிருந்தே மேளம் அடித்து அழைத்துப் போனார்கள், என் கேமராப் பெட்டியை ஆளாளுக்கு மாற்றி மாற்றிச் சுமந்தார்கள், ஜாகா தலையில் போட்ட கட்டோடு வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டார். யாரோ ஒருவர் அவனுக்காகப் புது டயர் செருப்பு ஒரு ஜோடி வெட்டி வைத்திருந்தார். கோவிந்தன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தான்.

"வேணாண்ணே, நமக்கு வெறுங்கால்தான் ராசி."

ஆக, அந்த வருஷங்களில் கேமராவுக்கு முன்னால் நின்ற யாரையும் நான் சிரிக்கச் சொன்னதே இல்லை, ஆனாலும் கடைசியில் சிரித்துக்கொண்டு வீடு போனவர்களில் திருடர்கள் ரொம்பக் குறைவு.